சீல் வைப்பவனும் கறுப்புக் கண்ணாடிக்காரனும்

தேர்தல் வருஷம் என்றால், செப்டம்பர் பிறந்ததும் நெரேய்தாவின் வீட்டுக்குப் பச்சைச் சீருடை போட்ட ஒரு வாலிபன் வந்து அலமாரிக்குச் சீல் வைப்பான். கதவைத் தட்ட மாட்டான், பூட்டியிருந்தாலும் உள்ளே இருப்பான். ஒரு கையில் பசைக் கிண்ணம், இன்னொரு கையில் முத்திரை குத்திய காகிதப் பட்டைகள். கியூபாவில், காமாகுவே ஊரில், அவளுடைய அப்பா நடத்திய பொத்தான்–ரிப்பன் கடையை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது கதவுக்குச் சீல் வைத்தவன் இவனேதான். அன்றைக்கு அவள் பள்ளிக்கூடச் சீருடையில் நின்றுகொண்டிருந்தாள். இன்றைக்கு அவளுக்கு முட்டிவலி வந்துவிட்டது; அவனுக்கு இன்னும் மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. அடுத்த வீட்டு மிர்லாந்தைத் தேடி வருகிறவன் உள்ளே வருவதில்லை. கேட்டில் சாய்ந்து நிற்பான். முரட்டு நீலச் சட்டை, கழுத்தில் சிவப்புத் துணி, மழை பெய்தாலும் கழற்றாத கறுப்புக் கண்ணாடி. ஹெயிட்டியில் அவளுடைய தம்பி ஒஸ்னேலை, “ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்பிடறோம்” என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனவன் அவன். அந்த ஒரு வார்த்தையை இன்னும் கேட்டு முடிக்கவில்லை போலிருக்கிறது, ஒஸ்னேல் திரும்பவே இல்லை.

இதற்கெல்லாம் ஆச்சரியப்பட எங்களுக்கு நேரம் இருந்ததில்லை. எங்கள் தெரு மயாமிக்கு வடக்கே, கால்வாய் போய் முட்டுகிற இடத்தில் இருக்கிறது. மேல் பாதியில் கியூபாக்காரர்கள், கீழ்ப் பாதியில் ஹெயிட்டிக்காரர்கள், இடையிடையே எங்களைப் போல நிகராகுவா, ஹோண்டுராஸ் என்று உதிரிகள். யாரை எது ஊரைவிட்டுத் துரத்தியதோ அது தேர்தல் வருஷத்தில் முகவரி விசாரிக்காமலே வந்து சேர்ந்துவிடும். இப்படி வருகிறவர்களுக்கு நாங்கள் வைத்த பெயர் விருந்தாளிகள். அமெரிக்காவின் இரண்டு பெரிய கட்சிகளில் நெரேய்தா யானைச் சின்னக் கட்சி. “அரசாங்கத்தின் கை உங்கள் கடைக்குள் நுழையாது” என்று யானைக்காரர்கள் ஒலிபெருக்கியில் கத்தும்போதெல்லாம் சீல் வைப்பவனின் கிண்ணத்தில் பசை காய்ந்து போகும், அவள் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். மிர்லாந்த் கழுதைச் சின்னக் கட்சி. “சீருடைக்காரன் எவனும் உங்கள் வாசலில் வந்து நிற்க மாட்டான்” என்று கழுதைக்காரர்கள் சொன்னால் கண்ணாடிக்காரன் கேட்டைவிட்டு ஓரடி பின்னால் நகர்வான். அப்புறம் என்ன, ஆளுக்கொரு கட்சி! ஒரே கடலைத் தாண்டி வந்தவர்கள் ஏன் இப்படிப் பிரிந்து ஓட்டுப் போடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு தேர்தலுக்குத் தேர்தல் தொலைக்காட்சிக்காரர்கள் வருவார்கள். நாங்கள் வாசலைக் காட்டுவோம். அவர்களுடைய கேமராவில் கேட் மட்டும்தான் விழும். ஜமைக்காவிலிருந்து வேலை கிடைத்து, விமானத்தில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு வந்த டெஸ்மண்டுக்கு மட்டும் பின்னால் யாரும் வரவில்லை. சாக்கடையைச் சரிபண்ணித் தருபவனுக்கே அவர் ஓட்டு. அந்த மனுஷன்மேல் தெருவில் எல்லோருக்கும் பொறாமை.

ஓட்டு எண்ணுகிற நாளில் எங்கள் தெருவைப் பார்க்க வேண்டுமே! மேல் பாதியில் பெண்கள் சட்டி பானைகளை எடுத்துவந்து கரண்டியால் அடிப்பார்கள். கீழ்ப் பாதியில் தகரக் கொம்பும் முரசும் கிளம்பும். வாய் வார்த்தைகளைக் கேட்டால் காது குளிர்ந்துவிடும். யானை தோற்றால் மிர்லாந்த் மதில்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, “என்னடி நெரே, யானைக்கும் அடி சறுக்கிடுச்சா? தைலம் வேணுமா?” என்பாள். கழுதை தோற்றால் நெரேய்தா, “தேஞ்சு தேஞ்சு உங்க கழுதை கட்டெறும்பாயிடுச்சுடி. பாத்து நட, மிதிச்சிடப் போற” என்பாள். இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆனால் விஷயம் சிரிப்பில்லை. ஜெயித்த கட்சிக்காரியின் விருந்தாளி சத்தமில்லாமல் மறைந்துவிடுவான். தோற்றவளின் விருந்தாளி அடுத்த தேர்தல்வரை, நான்கு முழு வருஷம், கூடவே இருப்பான். ஆக, இவள் போடுகிற ஓட்டு அவளுக்குத் தண்டனை, அவள் போடுகிற ஓட்டு இவளுக்குத் தண்டனை. இது இருவருக்கும் தெரியும். தெரிந்தும் இருவரும் சேர்ந்து ஒரு கடை நடத்தினார்கள் என்பதுதான் எங்களுக்குப் பெருமை.

கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, நெரேய்தாவின் கார் ஷெட்டுச் சுவரில் வெட்டிய ஒரு ஜன்னல். பெரும்புயல் இரண்டு வீட்டுக்கும் இடையில் பின்கட்டு வேலியைப் பிடுங்கிக்கொண்டு போனபோது, அதை மறுபடி கட்டுவதற்குப் பதிலாக இருவரும் அடுப்பை ஒன்றாக்கினார்கள். நெரேய்தா சர்க்கரையை நுரைக்க அடித்துக் குட்டிக் குட்டிக் கோப்பையில் காபி போடுவாள். மிர்லாந்த் கருவாடு அடைத்துக் காரசாரமாகப் பப்ஸ் சுடுவாள். காலையில் வேலைக்குப் போகிற தெரு முழுக்க அந்த ஜன்னலில் நின்றுவிட்டுத்தான் போகும். யானை தோற்ற வருஷங்களில் நெரேய்தாவின் பீரோ, மேசை டிராயர், ஃபிரிட்ஜ் என்று ஒவ்வொன்றிலும் சீல் ஏறும். அந்தக் காகிதத்தைத் தொட்டால் அவளுடைய விரல்கள் மரத்துப்போகும், கிழிக்க வராது. தன் ஃபிரிட்ஜுக்குள்ளேயே பால் இருந்தாலும் மிர்லாந்தின் வீட்டில்தான் போய் வாங்குவாள். கழுதை தோற்ற வருஷங்களில் மிர்லாந்த் வாசல் வழியே வெளியே போக மாட்டாள். பின்கட்டு வழியே வந்து, வேலை முடிந்ததும் பின்கட்டு வழியே போய்விடுவாள். தம்பி எங்கே என்று அவனைக் கேட்க வேண்டும், கேட்க வேண்டும் என்று எத்தனையோ முறை கேட் வரைக்கும் போயிருக்கிறாள். கறுப்புக் கண்ணாடியைப் பார்த்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். திரும்பிவந்து மாவு பிசைவாள்.

பிறகு அந்தக் குழப்பமான தேர்தல் வந்தது. நாட்டுக்குக் கழுதை ஜெயித்தது, எங்கள் மாவட்டத்துக்கு யானை ஜெயித்தது. அடடா, என்ன கூத்து! மேலே சட்டி பானை, கீழே கொம்பு முரசு, இரண்டு ஊர்வலமும் கால்வாய்ப் பாலத்தில் ஒன்றோடொன்று முட்டி, யார் எந்தக் கட்சி என்று தெரியாமல் எல்லோரும் எல்லோரையும் கட்டிப்பிடித்து ஆடினோம். முரசுக்காரன் ஒருவன் கால் தவறிக் கால்வாயில் விழுந்து, தண்ணீருக்குள்ளிருந்தும் அடித்துக்கொண்டே ஏறிவந்தான். முழுத் தெருவும் ஜெயித்த தேர்தல் அது ஒன்றுதான் என்று நினைத்தோம். மறுநாள் விடிந்து பார்த்தால் ஒரு விருந்தாளியும் போகவில்லை. இருவருமே அப்படியே இருந்தார்கள். யார் உத்தரவை எடுத்துக்கொள்வது என்று அவர்களுக்கே புரியவில்லை போலும். சீல் வைப்பவன் அன்று காலையிலேயே காபி மெஷினுக்குச் சீல் வைத்தான். கண்ணாடிக்காரன் கேட்டிலிருந்து நகர்ந்து கடை ஜன்னலுக்கு எதிரிலேயே வந்து நின்றான். கீழ்ப் பாதிக்காரர்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஒரு வாரத்தில் கடை நின்றுபோயிற்று.

அதற்கு முன்னால் எப்போதும் ஒருத்தி அழுதால் இன்னொருத்தி தேற்ற இருந்தாள். இந்த முறை இருவருக்கும் ஒரே நேரத்தில் வலித்தது. சண்டை ஒரு மாவுச் சல்லடையில் ஆரம்பித்து எங்கெங்கோ போயிற்று.

“எல்லாம் உன் கழுதையாலதான். நாட்டையே தூக்கி அவனுங்க கையில குடுத்துட்டீங்க. நாளைக்கு இந்த ஜன்னலுக்கும் சீல் வப்பானுங்க, பாத்துக்கிட்டே இரு” என்றாள் நெரேய்தா.

“வெறும் காகிதத்துக்கு இந்த ஆட்டம் ஆடுற? என் வாசல்ல நிக்கிறவன் ஆளையே தூக்கறவன்டி. நீங்க ஓட்டுப் போட்டவங்கதான் அவன மாதிரி ஆளுங்களுக்குச் சம்பளம் குடுக்கறாங்க.”

“நாங்களும் அதே கடல்லதான் வந்தோம். அதே மே மாசம். நாங்க என்ன புலம்பிக்கிட்டா இருக்கோம்?”

“ஆமா, அதே கடல்தான். கரையில உனக்குக் கம்பளி போத்தி ஆரஞ்சு ஜூஸ் குடுத்தாங்க. எனக்கு முள்வேலி போட்டு உள்ள தள்ளினாங்க. உனக்குத் தெறந்த கதவ நீ கும்பிடுற. எனக்கு எந்தக் கதவு இருக்கு கும்பிட? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்டி, நெரே.”

நெரேய்தா சல்லடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் மிர்லாந்தின் வீட்டு முன் ‘விற்பனைக்கு’ என்ற பலகை நடப்பட்டது. புதுவருஷம் பிறந்த மறுநாள் ஆர்லாண்டோவில் மகள் வீட்டுக்கே போய்விடப் போகிறாளாம். தெருவில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை, காலைக் காபி இல்லாமல் டெஸ்மண்டுக்குத் தலை வெடித்தது. “போய்ச் சமாதானம் பேசுங்களேன்” என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டோம், ஒருவரும் போகவில்லை. அவரவர் வீட்டில் அவரவர் விருந்தாளி.

கியூபாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வருஷம் மாறுகிற நிமிஷத்தில் ஒரு வாளித் தண்ணீரை வாசல் வழியே வெளியே வீசுவார்கள், பழைய வருஷத்துப் பீடையெல்லாம் அதோடு போய்விடும். நெரேய்தா துக்கத்தில் அன்றைக்குச் சீக்கிரமே படுத்துத் தூங்கிவிட்டாள். விழித்தபோது வெயில் வந்திருந்தது. இந்த வழக்கத்தில் இதைவிடப் பெரிய தப்பு கிடையாது. வாளியோடு எழுந்து, ‘பீடை என்ன கடிகாரமா பார்க்கப்போகிறது’ என்று கதவைத் திறந்து முழு பலத்தோடு வீசினாள். வாளித் தண்ணீர் மொத்தமும் போய் விழுந்தது கடை ஜன்னலுக்கு எதிரில் நின்றிருந்த கறுப்புக் கண்ணாடிக்காரன்மேல்.

அன்றைக்கு எங்கள் ஊரில் எப்போதாவது வருகிற குளிர். முழநீளப் பச்சை ஓணான்கள் விறைத்துப்போய் மரத்திலிருந்து தொப் தொப்பென்று விழுந்துகொண்டிருந்தன. அதில் ஒன்று அவன் காலடியில் விழ, அவன் துள்ளிக் குதித்தான். கண்ணாடியில் தண்ணீர் வழிந்ததால் அதைக் கழற்றித் துடைத்தான். உள்ளே இருந்தவை தூக்கமில்லாத சின்ன வயசுக் கண்கள். பல் கிடுகிடுவென்று அடித்தது.

“அட கடங்காரா! இந்தக் குளிர்ல வந்து நிக்கற எடமா இது? ஒருத்தரு தண்ணி ஊத்துனா நகரணும்னுகூடத் தெரியாதா? உங்கம்மா உன்னப் பெத்தாளா, செஞ்சாளா? உள்ள வா! வான்னு சொல்றேன்ல!” என்று காதைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு போனாள் நெரேய்தா. இத்தனை வருஷத்தில் விருந்தாளிகளில் ஒருவனையாவது யாராவது உள்ளே வா என்று கூப்பிட்டதுண்டா? கிடையாது. தலையைத் துவட்டிவிட்டாள். நீலச் சட்டையைக் கழற்றச் சொல்லி, செத்துப்போன கணவனுடைய நாலு பை வைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டாள். மெஷினுக்குத்தான் சீல், துணி வடிகட்டிக்கு இல்லையே. அதில் காபி போட்டுக் கையில் கொடுத்தாள். அவன் குடித்தான்.

ஜனவரி முதல் தேதி ஹெயிட்டிக்காரர்களுக்குச் சுதந்திர நாள். அடிமையாக இருந்த காலத்தில் அவர்கள் சமைத்தும் வாயில் வைக்க முடியாத பூசணி சூப்பை, விடுதலை கிடைத்த அந்த நாளில் வீட்டுக்கு வீடு காய்ச்சிக் கொடுப்பார்கள். அன்றைக்குச் சூப் முகம் பார்க்கக் கூடாது, ஜென்ம விரோதியாக இருந்தாலும் கொடுத்தே தீர வேண்டும். மிர்லாந்தும் பெட்டி கட்டி வைத்துவிட்டு, கடைசிக் கடமை இது என்று, பானையைத் தூக்கிக்கொண்டு பின்கட்டு வழியே நெரேய்தாவின் சமையலறைக்குள் வந்தாள். வந்தவள் அப்படியே நின்றாள். தம்பியைக் கூட்டிக்கொண்டு போனவன் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான்.

அவள் கையில் பானை மூடி கடகடவென்று ஆடுவதை நெரேய்தா பார்த்தாள். இத்தனை வருஷமாக அவள் பார்த்ததெல்லாம் பின்கட்டு வழியே வந்து போகும் மிர்லாந்தை மட்டும்தான், அவனுக்கு எதிரே நிற்கும் மிர்லாந்தை அல்ல.  “இவனையா? இந்தப் பொடியனையா பாத்து நீ...” என்று ஆரம்பித்து, முடிக்காமல் பானையைத் தாங்கப் போனாள். அதற்குள் சீல் வைப்பவன் குறுக்கே வந்து, வழக்கமான நிதானத்தோடு, சூப் பானையின் மூடிமேல் ஒரு பட்டையை ஒட்டினான்.

பார்க்க வேண்டுமே மிர்லாந்தை! நடுக்கம் எங்கே போனதென்றே தெரியவில்லை. “டேய்! எந்த நாளு, எந்தச் சூப்புன்னு தெரியுமாடா ஒனக்கு? எங்க பாட்டன் முப்பாட்டன் தடுத்தவன வெட்டிப் போட்டுட்டுக் குடிச்ச சூப்புடா இது!” என்று ஒரே இழுப்பில் சீலைப் பிய்த்து எறிந்தாள். கிழிந்தது. வெறும் காகிதம் எப்படிக் கிழியுமோ அப்படிக் கிழிந்தது. நெரேய்தா வாயைப் பொத்திக்கொண்டாள். மிர்லாந்த் அவளைத் திரும்பிப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், பிறகு வெறி வந்தவள்போல ஃபிரிட்ஜில் இருந்ததைக் கிழித்தாள், டிராயரில் இருந்ததைக் கிழித்தாள், காபி மெஷினில் நாலு சுற்று ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டி எடுத்தாள். “காகிதம்டி நெரே! வெறும் காகிதம்! இதுக்கா இத்தன வருஷம் பால் வாங்க என் வீட்டுக்கு வந்த?”

“உனக்குக் காகிதம். எனக்கு எங்கப்பா” என்று சொல்லிவிட்டு நெரேய்தா ஓவென்று அழுதாள். மிர்லாந்தும் அழுதாள். அழுதுகொண்டே ஒரு கிண்ணம் சூப்பை ஊற்றிச் சீல் வைப்பவன் முன்னால் வைத்து, “தின்னு. இன்னிக்கு ஒனக்கும் உண்டு, வேற வழியில்ல” என்றாள். அவன் பசைக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். அவனுக்கு யாரும் அதுவரை சாப்பாடு போட்டதில்லை போலிருக்கிறது, கிண்ணத்தை வழித்து நக்கினான். மிர்லாந்த் வீட்டுக்குத் திரும்பியபோது நாய்க்குட்டிபோல அவள் பின்னாலேயே போனான். கறுப்புக் கண்ணாடிக்காரன் நெரேய்தாவின் சமையலறையிலேயே இருந்துவிட்டான். இப்படித்தான் அவர்கள் விருந்தாளிகளை மாற்றிக்கொண்டார்கள். ‘விற்பனைக்கு’ பலகையை டெஸ்மண்ட் வந்து பிடுங்கி, தன் கோழிக்கூண்டுக்குக் கதவாக்கினார்.

மிர்லாந்தின் வீட்டில் சீல் வைப்பவனுக்கு ஒட்ட ஒன்றுமில்லை. அவள் எதையும் பூட்டி வைத்துப் பழகியவள் அல்ல, ஒட்டினாலும் கிழித்து அடுப்பில் போடுவாள். அவன் கை சும்மா இருக்காது என்று பப்ஸ் ஓரங்களை ஒட்டக் கொடுத்தாள். என்ன சொல்ல, பிறவித் தொழில்! அவன் ஒட்டிய பப்ஸில் ஒன்றுகூட எண்ணெயில் வாய் பிளந்ததில்லை. நெரேய்தா கண்ணாடிக்காரனைப் பூண்டு உரிக்க வைத்தாள், ஜன்னலில் வரிசையை ஒழுங்குபடுத்த வைத்தாள். மேல் பாதிக்காரன் ஒருவன் வரிசையில் முந்தினால் அவன் ஒரு பார்வை பார்ப்பான், போதும். செய்தி பரவித் தெருவே மாற்றிக்கொண்டது. ஹோண்டுராஸ்காரியின் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த கூலிப்படைக்காரன் இப்போது ஒரு கியூபாக்காரரின் தோட்டத்தில் மாமரத்துக்குத் தண்ணீர் விடுகிறான். எனக்கு வந்தவனை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று சொன்னால் அவர்கள் கோபித்துக்கொள்வார்கள், விடுங்கள்.

ஒரு நாள் கடையில் கூட்டமில்லாத மத்தியானம், பூண்டு உரித்துக்கொண்டிருந்தவனிடம் நெரேய்தா கேட்டாள். உப்பு எங்கே என்று கேட்கிற குரலில்தான் கேட்டாள். “ஏண்டா, ஒஸ்னேல்னு ஒரு பையன கூட்டிட்டுப் போனியே, அவன் எங்க?” அவன் கை நின்றது. உரித்த பல்லைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, கடலோர உப்பளத்துக்குப் பின்னால், ஒற்றைப் புளியமரத்தடியில், என்று சொன்னான். தலையை வடக்கே வைத்து, செருப்போடு. நெரேய்தா கையைத் துடைத்துக்கொண்டு, வேலியில்லாத பின்கட்டைக் கடந்து போனாள். அந்தச் சின்ன முற்றத்தைக் கடப்பது அன்றைக்கு அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று பின்னால் எங்களிடம் சொல்லியிருக்கிறாள். மிர்லாந்த் கேட்டுக்கொண்டாள். மாவுக் கையோடு கீழே உட்கார்ந்தாள். நெரேய்தாவும் உட்கார்ந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் வரை இருவரும் எழுந்திருக்கவில்லை, அதுவரை பப்ஸை எடுத்துப் போட்டது சீல் வைப்பவன்தான்.

மறுநாள் காலையில் மிர்லாந்த் அந்தக் குழப்பமான தேர்தலுக்குப் பிறகு முதன்முறையாகத் தன் வீட்டு வாசல் வழியே வெளியே வந்து, தெருவைச் சுற்றி, மற்றவர்களைப் போல ஜன்னலுக்கு எதிரில் வரிசையில் நின்றாள். கண்ணாடிக்காரன் காபியை நீட்டினான். அவள் அவன் கண்ணைப் பார்த்து வாங்கிக்கொண்டாள். மன்னித்துவிட்டாளா என்று வரிசை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒரு வாய் குடித்துப் பார்த்து, “சக்கர பத்தல” என்றாள். அவன் இன்னொரு கரண்டி போட்டுக் கலக்கிக் கொடுத்தான். அன்றிலிருந்து தினமும் வருகிறாள், அவனிடம் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஜனவரி முதல் தேதி சூப்பில் மட்டும் ஒஸ்னேலுக்கென்று ஒரு கிண்ணம் எடுத்து வைக்கிறாள்.

அடுத்த தேர்தலில் இருவரும் கட்சி மாறியிருப்பார்கள் என்று நினைத்தீர்களானால் உங்களுக்கு எங்கள் தெருவைப் பற்றி ஒன்றும் தெரியாது. “கழுதைக்குத் தெரியுமாடி கற்பூர வாசன?” என்றாள் நெரேய்தா, புதுச் சட்டியை எடுத்துக் கரண்டியால் தட்டிப் பார்த்தபடி. “ஒன் யானைக்கு மொதல்ல சாவடிக் கதவுல நுழைய முடியுமான்னு பாரு” என்றாள் மிர்லாந்த். இருவரும் ஒரே காரில் ஏறிப் போய், ஒருத்தி யானைக்கும் ஒருத்தி கழுதைக்கும் ஓட்டுப் போட்டுவிட்டு, வழியெல்லாம் வம்பிழுத்துக்கொண்டே சாவகாசமாகத் திரும்பி வந்தார்கள். அதுவரை கடையை விருந்தாளிகள் இருவரும் பார்த்துக்கொண்டார்கள்.